வராத பலகைக்குப் போட்ட கையெழுத்து

"படிச்சி என்னாத்த கிழிக்கப் போற? நாங்க கைநாட்டு வெச்சோம், நீ கையெழுத்து போடுவ. எவனாவது நீட்டுற எடத்துலதான் ரெண்டும்."

2004-இல் நான் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது மாமா இதைச் சொன்னார். அம்மாவின் தம்பி. செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கையுறையும் முகமூடியும் வாங்கிக்கொண்டதாக ஒரு தாளில் அவரிடம் ரேகை வாங்கியிருந்தார்கள். இரண்டையும் அவர் கண்ணால் கண்டதில்லை. அதை மனதில் வைத்துத்தான் பேசினார். எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். நான்கு வருடம் கழித்து, தேர்வெழுதி இளநிலை உதவியாளர் வேலைக்கு உத்தரவு வந்ததும், ஒரு நோட்டு முழுக்கக் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுத்து, அடியில் ஒரு கோடு. அம்மா பார்த்துவிட்டு, "கோலம் மாதிரி இருக்குதுடி" என்றாள்.

அலுவலகத்தில் என்னைத் தேர்தல் பிரிவில் உட்காரவைத்தார்கள். வாக்குச்சாவடிகளுக்கு வாங்கும் சாமான்களின் இருப்புப் பதிவேடு என் பொறுப்பு. மை, அரக்கு, துணிப்பை என்று எது வந்தாலும் அந்த வரிக்கு எதிரே என் கையெழுத்து. வேறு யாரையும் அந்தப் பதிவேட்டைத் தொடவிட மாட்டேன்.

2009 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன், மார்ச் கடைசியில், சூப்பரின்டென்ட் ஒரு பில்லுடன் என் மேசைக்கு வந்தார். நடக்க முடியாதவர்கள் படியேறாமல் சாவடிக்குள் போவதற்கான மரச் சாய்வுப் பலகைகள். பண்ருட்டியில் ஒரு மரக்கடைக்காரரிடம் சொல்லியிருந்தார்கள்.

"பலகை வந்துடுச்சா சார்?"

"லோடு ஏத்திக்கிட்டு இருக்கான். மார்ச்சு முடியறதுக்குள்ள பில்லு போகலன்னா ஒதுக்குன பணம் திரும்பிப் போயிடும். அப்பறம் பலகையே கெடையாது. நீ வந்துச்சின்னு எழுதும்மா, அது பின்னாலயே வரும். இங்க எல்லாம் அப்பிடித்தான வருது?"

அப்படித்தான் வந்தது. அரக்கும் அப்படித்தான், துணிப்பையும் அப்படித்தான். முதலில் கையெழுத்து, பிறகு லாரி. 'நல்ல நிலையில் பெற்று இருப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதி, வாலை இழுத்து, கோடு போட்டேன்.

பலகைகள் வரவில்லை. ஏப்ரலில் சூப்பரின்டென்டிடம் இரண்டு முறை கேட்டேன். பலாப்பழ சீசன், லாரியெல்லாம் பழத்துக்குப் போய்விட்டது என்றார். மே மாதம் நான் கேட்கவில்லை.

வாக்குப்பதிவு அன்று மண்டல அலுவலரின் ஜீப்பில் நானும் போனேன். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு ஊரில், பள்ளிக்கூடத்தில் சாவடி. வாசலில் ஐந்து படிகள். அதற்குக் கீழே வேப்பமர நிழலில், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மடியில் வாக்காளர் அட்டை. பக்கத்தில் இரண்டு பேர் அவளைத் தூக்கத் தயாராக நின்றார்கள்.

"ஒரு நிமிஷம்தான் தங்கச்சி. அலாக்கா தூக்கி உள்ள வெச்சிடறோம்."

"வெக்கறதுக்கு நா என்னா நெல்லு மூட்டையா? போன தடவ தூக்குனவன் என் கனத்த ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு என் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கவனித்துவிட்டு, "ஆபீசாக்கா நீங்க? இந்த தடவ பலகை போடுவாங்கன்னு பேப்பர்ல படிச்சேன். வந்துச்சா?" என்று கேட்டாள்.

'படிச்சேன்' என்பதை அவள் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

"வந்துக்கிட்டு இருக்குது" என்றேன்.

"அப்ப இருக்கறேன்."

ஜீப் கிளம்பிவிட்டது. ஐந்து மணிக்குப் பிறகு திரும்பி வந்தபோது மரத்தடியில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. சாவடியின் தலைமை அலுவலர் காகிதங்களைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த வண்டிக்காரப் பொண்ணு கடைசி வரைக்கும் நகரல. சோத்துக்குக்கூடப் போகல. ஆபீஸ் அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்கன்னு ஒக்காந்திருந்துது. ஓட்டு போடாமலே போயிடுச்சி."

அதற்குப் பிறகு சிதம்பரம் வீதிகளில் நடக்கும்போது பின்னால் சைக்கிள் சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் ஓரமாக நின்றுவிடுவேன். அது கடந்து போகும்வரை திரும்பிப் பார்க்க மாட்டேன். பெரும்பாலும் பால்காரராகவோ தண்ணீர்க்கேன் வண்டியாகவோ இருக்கும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கால் தானாகப் படிகளை எண்ணியது. பதிவேட்டில் கையெழுத்துக்கு அடியில் கோடு போடுவதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. 2011 சட்டமன்றத் தேர்தலின்போது அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஆண்டுக் கடைசியில் புயல் வந்து கடலூரைப் புரட்டிப்போட்டது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் கிடங்கின் தகரக் கூரை பிய்ந்து பறந்தது. பதிவேட்டில் உள்ள பலகைகள் கிடங்கில் எங்கே என்று தணிக்கைக்காரர்கள் முன்பே கேட்டிருந்தார்கள். நாங்கள் பதில் அனுப்பாததால் கேள்வி சட்டமன்றக் குழுவின் கைக்குப் போய்விட்டது. 2012-இல் குழுவின் உறுப்பினர்களே கடலூருக்கு வந்து கோப்பைப் பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது.

இரண்டு நாளில் சூப்பரின்டென்ட் ஒரு பட்டியலை என் முன் வைத்தார். 'புயலில் சேதமடைந்த பொருட்கள்.' நடுவில், மரச் சாய்வுப் பலகைகள்.

"கையெழுத்து போட்டுடு. முடிஞ்சிது."

"வராத பலகைய புயல் எப்பிடி சார் தூக்கிட்டுப் போவும்?"

"வந்துச்சின்னு எழுதுனது யாரு? பதிவேட்டுல என் கையெழுத்து இல்லம்மா, உன்னுதுதான் இருக்குது. நா நாலு மாசத்துல ரிட்டயர்டு. உனக்கு சர்வீஸ் ஜாஸ்தி கெடக்குது. உன்ன காப்பாத்தத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது சரிதான். போட்டால் என் வேலை தப்பும். போடாவிட்டால், பெற்றதாக எழுதியவள் என்று மாட்டப்போவது நான் ஒருத்திதான். அம்மா நடவுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. படித்துவிட்டுத் தருகிறேன் என்று பட்டியலை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். தாளைப் புரட்டிப் பார்த்து, "என்னாது இது?" என்றார்.

"புயல்ல போன சாமானாம் மாமா."

"போச்சா?"

"வரவே இல்ல."

பழைய பேச்சை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. கட்டைவிரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அன்னிக்கு நா வெச்ச காயிதத்துல என்னா எழுதியிருந்துதுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியுதே."

மறுநாள் கடலூரில் குழுவின் கூட்டத்தில் அதிகாரிகள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கோப்பு வைத்திருந்த நாங்கள் பின்னால் சுவரோரம் நின்றோம். பட்டியலைக் கையெழுத்துப் போடாமலே காலையில் கோப்பில் வைத்திருந்தேன். ஓர் உறுப்பினர் பட்டியலைத் தூக்கிப் பிடித்தார்.

"புயல்ல போச்சின்னு போட்டுருக்கீங்க. கையெழுத்தக் காணோமே?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பையில் வைத்திருந்த என் ஒரு பக்கத் தாளை முன்னால் போய்க் கொடுத்தேன். பலகைகள் வரவில்லை, வருவதற்கு முன்பே வந்ததாகக் கையெழுத்திட்டேன், அப்படித்தான் இங்கே வழக்கம் என்று எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது நீ போட்டதாம்மா?"

"ஆமாங்க. பதிவேட்டுல இருக்கறதும் நான் போட்டதுதான்."

அவர் கேள்வி என்னைத் தாண்டி, நாற்காலிகளில் இருந்தவர்களிடம் போனது. தாளின் அடியில் அந்தச் சாவடியின் எண்ணையும், ஒரு பெண் ஐந்து மணி வரை காத்திருந்ததையும், அவளைக் காக்கவைத்தது நான் என்பதையும் எழுதியிருந்தேன். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. குழுவின் அலுவலர் என் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தந்தார்.

"மெமோ வரும்" என்றார் சூப்பரின்டென்ட், தாழ்வாரத்தில். குரலில் கோபமே இல்லை. "சாப்ட்டியா?" என்றும் கேட்டார்.

சிதம்பரத்தில் இறங்கியதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் புறப்படத் தயாராக நின்றுகொண்டிருந்தது. நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். கண்டக்டரிடம் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கினேன்.