ஆழப் பக்கத்து அக்கா

நீச்சல் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளங்கையில் நீரை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார் சலவை அக்கா. "இன்னிக்கு மருந்து தூக்கல்" என்கிறார். குளோரின் அதிகம் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் விரிப்புகளை அலசிய மூக்கு அது. குளத்து மேனேஜர் கண்ணாடிக் குழாயில் சொட்டு விட்டு, நிறம் பார்த்து, அரை மணி கழித்து அதே முடிவுக்கு வந்து சேர்வார்.

அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்தத் தோள்களைப் பார்க்க வேண்டும்! "ஈரப் போர்வை என்ன கனம் இருக்கும்னு நெனைக்கிறீங்க? ஒரு நாளைக்கு இருநூறு தூக்கிப் போட்டவ நான்" என்பார். ஏணி இருக்கிறது, அதில் அவர் ஏறி நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி ஒரே எம்பில் மேலே வந்து உட்கார்ந்துவிடுவார்.

நீந்தக் கற்றது நாற்பத்தொன்பதாவது வயதில். ஏன் அத்தனை தாமதம் என்று கேட்டேன். "பொழுதன்னிக்கும் தண்ணியிலதான் வேலை. ஆனா ஒருநாளும் அது முழங்கைக்கு மேல வந்ததில்ல. அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்குன்னு பாக்க வந்தேன்" என்றார். வந்தவர் திரும்பிப் போகவில்லை.

தினமும் குளத்தின் நீளத்துக்கு நாற்பது நடை. எண்ணிக்கையை எண்களால் வைத்துக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரியில் இருபது வார்டு. துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அதே வரிசையில், ஒரு வார்டுக்குப் போக ஒன்று, வர ஒன்று. நடுவில் நிறுத்தி "எத்தனை ஆச்சுக்கா?" என்று கேட்டால், "எலும்பு வார்டைத் தாண்டிட்டேன், வழியை விடுங்க" என்று பதில் வரும். கடைசி பிரசவ வார்டு. அதை முடிக்கும்போது மட்டும் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

நானோ ஆழம் குறைந்த பக்கத்து ஆசாமி. இடுப்பளவு நீரில் நாலு தடவை கையை வீசிவிட்டு, வீட்டில் போய் "நீந்திட்டு வரேன்" என்று பெருமையடிக்கும் இனம். "என்ன சார், டீயில விழுந்த பிஸ்கட்டு மாதிரி நின்ன எடத்துலயே ஊறிக்கிட்டு இருக்கீங்க?" என்று அக்கா தாண்டிப் போவார். கோபம் வரும், ஆனால் மறுநாளும் அந்தக் கிண்டலுக்காகவே காத்திருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை காலை சுவரில் புதுப் பலகை தொங்கியது. 'பாதுகாப்பு கருதி, எழுபது வயது நிரம்பியவர்கள் ஆழப் பகுதியில் இறங்க அனுமதி இல்லை.' அக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"யாரு பாதுகாப்புக்கு?"

"உங்க நல்லதுக்குத்தான்மா" என்றார் மேனேஜர். "போன வாரம் நான் லீவுல இருந்தப்ப யாரோ முதியவர் விழுந்துட்டாராம். ரிப்போர்ட் மேல வரைக்கும் போயிடுச்சு. உங்களுக்குத்தான் குழந்தைங்க குளம் இருக்கே!"

"அதுல நான் நின்னா தண்ணி முட்டிக்கு வருது. அதுல நீந்தறதா, கால் கழுவறதா? ஆழமில்லாத பக்கத்துல நாலு கை போட்டா நடுக் கயிறு இடிக்குது."

அக்காவின் மகள் வந்து சமாதானம் சொல்லிப் பார்த்தாள். "விட்டுத் தொலையேன்மா. எல்லாரையும் மாதிரி பார்க்ல நடந்துட்டுப் போயேன்."

"நடக்க முட்டி விடலடி. ஒவ்வொரு அடிக்கும் உசிரு போகுது. தண்ணிக்குள்ள எறங்கினாத்தான் எனக்கு முட்டின்னு ஒண்ணு இருக்கறதே மறக்குது. அங்கதான்டி நான் முழு மனுஷி. அதையும் புடுங்கிட்டா வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்கவா?"

அன்றிலிருந்து ஆறு நாள் அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்தார். உடை மாற்றாமல், பெஞ்சில் உட்கார்ந்து ஆழப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். என்னை ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விழுந்த அந்த முதியவர் நான்தான். குளத்தில் அல்ல, குளியலறையில். யாரோ போட்டுவிட்டுப் போன சோப்புத் துண்டில் கால் வைத்துப் பொத்தென்று விழுந்தேன். வயது ஐம்பத்தெட்டு. நாற்பதிலேயே தலை பஞ்சாக வெளுத்துவிட்டது. தூக்கிவிட்ட காவலாளி முடியைப் பார்த்து 'முதியவர்' என்று எழுதிவிட்டார், பெயரையும் கேட்கவில்லை, வயதையும் கேட்கவில்லை. வெட்கத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஆறாம் நாள் அந்தப் பெஞ்சைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. மேனேஜரின் மேஜை முன்னால் போய் நின்று, அக்காவை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மேனேஜர் என் தலையைப் பார்த்தார், உறுப்பினர் அட்டையில் வயதைப் பார்த்தார், மறுபடி தலையைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். "ஆறு நாளா வாயை அடகா வச்சிருந்தீங்க?" பிறகு மேனேஜரிடம்: "விழுந்தது ஐம்பத்தெட்டு, தடை எழுபதுக்கு. வழுக்கினது குளிக்கிற ரூமு, பூட்டினது குளத்தை. நல்லாருக்குப்பா உங்க நியாயம்!"

"வச்ச போர்டைச் சும்மா எடுக்க முடியாதும்மா. மேல கேட்டா நான் என்ன காட்டுவேன்?"

"நான் காட்டறேன். வயசைக் கேக்காதீங்க, நீந்தத் தெரியுமான்னு கேளுங்க. ஆழத்துல எறங்கற அத்தனை பேருக்கும் ஒரே பரீட்சை வைங்க. நான் தேறலேன்னா இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

மேனேஜர் நல்ல மனிதர்தான். யோசித்தார், ஒப்புக்கொண்டார். விளிம்பைப் பிடிக்காமல் நாலு நடை. அதன் பிறகு ஆழத்தில் எதையும் தொடாமல், நின்ற வாக்கில் பத்து நிமிடம் மிதக்க வேண்டும். தேறினால் அன்றைக்கே பலகை இறங்கும், மேலே அவர் பேசிக்கொள்வார்.

பரீட்சையன்று மொத்தக் குளமும் விளிம்பில் கூடிவிட்டது. முதலில் இறங்கிய இரண்டு பேர் உடற்பயிற்சிக்கூடத்து மார்புக்காரர்கள், முப்பது வயது தாண்டாதவர்கள். ஒருவர் நாலாவது நிமிடத்தில் கயிற்றைப் பிடித்தார். மற்றவர் ஆறாவது நிமிடத்தில் நாலு மிடறு குடித்துவிட்டு ஏணிக்கு வந்தார். அடுத்தது அக்கா. நாலு நடையையும் கடைக்குப் போய் வருகிறவரைப் போல முடித்துவிட்டு, ஆழத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றார். தலை மட்டும் வெளியே, தாடை நீர்மட்டத்தில். மகள் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றாள், அது நனையவே இல்லை. ஐந்து நிமிடம். ஏழு. எட்டாவது நிமிடத்தில் அக்கா ஒரு தடவை தாழ்ந்து மூக்குவரை போனார். மறுகணமே மேலே வந்து வாய்நீரைத் துப்பினார். நீந்துவது என்னவோ அவர். நெஞ்சு நிமிர்ந்து நின்றது நான். எங்கள் குளத்து அக்கா என்று தெருவில் போகிறவரையெல்லாம் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

பத்து நிமிடம் முடிந்தது. மேனேஜர் நீளமாக விசில் ஊதினார். கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது. அக்கா விளிம்புக்கு வரவில்லை.

"அம்மா, போதும்மா! தேறிட்டே! வெளிய வா!" என்று மகள் கத்தினாள்.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்தார். வலது கையை முழங்கை வரை தண்ணீருக்கு வெளியே உயர்த்தி, ஐந்து விரலையும் அகல விரித்துக் காட்டினார்: இன்னும் ஐந்து நிமிடம்.