அவருக்கான மாத்திரை

வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் நான்கு தெருக்கள் என் பொறுப்பு. மாத்திரை போடாதவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். என்னைக் கண்டாலே பாதிப் பேருக்கு பிரஷர் ஏறிவிடும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

போன வருஷம் அவருக்குத் தலையில் கட்டி. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்தும் முழுதாக எடுக்க முடியவில்லை. மறுபடி வளர்கிறது என்றார்கள்.

ஒரு நாள் செல்போனில் ஒரு செய்தி: பிரஷருக்குக் கொடுக்கும் பழைய மருந்து ஒன்று மூளைக்கட்டி வளர்வதை மட்டுப்படுத்துகிறதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து என் பையிலேயே இருக்கிறது என்று போன வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

அடுத்த வாரம் புதுச்சேரி டாக்டரிடம் செய்தியைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

"நீங்க குடுக்கற மாத்திரை இல்லம்மா, இது வேற. இதையும் ஆய்வுக்கூடத்துல, கட்டியோட செல்கள் மேலதான் போட்டுப் பார்த்திருக்காங்க. நோயாளிக்குன்னு வர இன்னும் வருஷங்கள் ஆகும்."

இவருக்கு எவ்வளவு நாள் என்று கேட்டேன். மாசக் கணக்கில்தான் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அந்த மாசம் டிராக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவர் வீட்டுக்குப் போனேன். என்னிடம் அதிகம் திட்டு வாங்கியவர் அவர்தான். மிஷின் இருநூறைக் காட்டியது.

"மாத்திர போடுறியா இல்லியாண்ணே?" என்று கத்தினேன்.

உள்ளே போய் மூன்று அட்டைகளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"உன் ஊட்டுக்காரருக்கும்மா. நீதான சொன்ன, இது கட்டிய அமுக்குதுன்னு. எனக்கு இன்னா, நான் நல்லாத்தான் இருக்கறேன்."

டாக்டர் சொன்னதெல்லாம் தெரிந்தும், அந்த அட்டைகளை உடனே திருப்பித் தர எனக்கு மனசு வரவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஒன்றைப் பிரித்து, அண்ணனை என் எதிரிலேயே முழுங்க வைத்தேன். உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னேன்.

"இது அவருக்கு இல்லண்ணே. அவருக்கு வேற மாத்திர."

"அது எப்ப வரும்?"

ஸ்டாக் இல்லாதபோது எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"அடுத்த மாசம் வந்துடும்ணே."

"வந்ததும் மொத அட்டைய அவருக்கு எடுத்து வச்சிடு," என்றார்.

சரி என்றேன்.