பாப்பாவை மேலே வைத்த நாள்

லிஃப்ட்காரருக்கு வீட்டிலும் அதுதான் பேர். மனைவியே, "லிஃப்ட்காரர் சாப்பிட வர்றாரா இல்லையா?" என்றுதான் கேட்பாள். பல கட்டடங்களின் லிஃப்ட் அவர் பொறுப்பு. எது இரைகிறது, எது இழுக்கிறது என்று கட்டடத்துக்கு ஒரு குறிப்பாக ஃபோனில் எழுதி வைத்திருந்தார்.

ஒரே தொல்லை, கடைசியாகத் தொட்ட குறிப்பு தானாக மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மாப்பிள்ளைதான் வழி செய்தார்.

"ஒரு ஆட்-ஆன் போட்டிருக்கேன் மாமா. விரலால இழுத்து எங்க வேணா வைங்க. வச்ச இடத்துலயே கிடக்கும்."

"உங்க அத்தைகிட்ட நடக்காததெல்லாம் இதுல நடக்குதே மாப்ளே!"

அன்றிலிருந்து ஆபத்தான லிஃப்ட் மேலே, நல்ல லிஃப்ட் கீழே. முதல் குறிப்பு ஃபோனின் முகப்பிலேயே பெரிதாகத் தெரியும். காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

கொஞ்ச நாளாக அங்கே இருந்தது ஒரு பழைய நாலு மாடிக் கட்டடம். பிரேக் கட்டை தேய்ந்துபோயிருந்தது. புதுசு வரும்வரை லிஃப்டை நிறுத்தச் சொன்னார், குடியிருப்பவர்கள் கேட்கவில்லை. அதனால் தினமும் காலையில் போய் பிரேக்கை முறுக்கிவிடுவார். வாட்ச்மேன் இரண்டு டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அப்போதுதான் பேத்தி பிறந்தாள். உள்ளங்கை அளவு முகம். எத்தனையோ கனமான மோட்டாரைத் தூக்கிய கையில் அவளை ஏந்திக்கொண்டார். அவள் போட்டோவை ஒரு குறிப்பில் போட்டு, விரலால் இழுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"இவளுக்கு மேல யாரு இருக்கா?"

மறுநாள் காலை ஃபோனை எடுத்தார். முகப்பு முழுக்கப் பேத்தி. சிரித்துக்கொண்டே வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார். நாலு மாடிக் கட்டடம் நினைப்பிலேயே இல்லை.

குழந்தை மடியில் தூங்கும்போது ஃபோன் அடித்தது. வாட்ச்மேன் தண்ணீர் கேனோடு மேலே போயிருக்கிறார். லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கி, கீழே போய் மோதிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி பழையபடி நடப்பது சந்தேகம் என்றார்கள்.

லிஃப்ட்காரர் பார்க்கப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேத்தி பொறந்திருக்காளாமே! போட்டோ காட்டுங்கண்ணே," என்றார் வாட்ச்மேன்.

ஃபோனைத் திறந்தார். முகப்பில் நாலு மாடிக் கட்டடம். விரலால் தள்ளினார். இரையும் லிஃப்ட், இழுக்கும் லிஃப்ட், ஒரு குறையும் இல்லாத லிஃப்ட் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின.

"என்னண்ணே, பேத்தி பாதாளத்துலயா இருக்கா?"

"கடைசியில இருக்காப்பா."

போட்டோவைப் பார்த்து வாட்ச்மேன் சிரித்தார். "அப்படியே உங்க மூக்கு!" சிரித்ததில் இடுப்பு வலித்து முகம் சுருங்கியது. பிறகு சொன்னார்:

"அன்னைக்கும் ரெண்டு டீ வாங்கி வச்சிருந்தேன்ணே. உங்களுது ஆறிப்போச்சு."

லிஃப்ட்காரர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பேத்தி வைத்த இடத்திலேயே கிடந்தாள், எல்லா லிஃப்டுக்கும் கீழே.