தெப்பத்தில் ஏறிய இன்வெர்ட்டர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தைப்பூசத்தன்று நடந்தது இது. இரும்புலியூர்ப் பக்கம் எங்கள் சிவன் கோயில் குளத்தில் தெப்பத் திருவிழா. அந்த வருடம் நல்ல மழை. குளம் மேல்படி வரை நிரம்பியிருந்தது.

பெரிய கோயில்களில் பார்க்கிற மாதிரி எங்களுக்கு மரத்தெப்பம் கிடையாது. காலி டிரம்களை வரிசையாகக் கட்டி, மேலே மூங்கிலும் பலகையும் பரப்பி, நடுவில் சாமிக்கு ஒரு மண்டபம் எழுப்புவோம். கரையில் நிற்பவர்கள் கயிறு பிடித்து மூன்று சுற்று இழுப்பார்கள். விளக்குக்கு வேண்டிய கரண்டைக் கரையிலிருந்து வயர் போட்டுத்தான் கொண்டுபோவோம். முந்தின வருடம் அந்த வயர் தண்ணீரில் உரசி, படியில் நின்ற சிலருக்குச் சுருக்கென்று அடித்துவிட்டது. சாமி புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனி வயர் கூடாது என்று விழாக் குழுவில் முடிவு செய்தோம். ஜெனரேட்டரை ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார். அதன் புகை எங்கள் குருக்களுக்கு ஆகாது.

குருக்களுக்கு அறுபது வயதுக்கு மேல். தை மாதப் பனி ஆரம்பித்தால் அவருக்கு மூச்சிழுப்பும் ஆரம்பித்துவிடும். தண்ணீருக்கு நடுவே ஈரக் காற்றிலும் கற்பூரப் புகையிலும் ஒன்றரை மணி நேரம் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் விடவில்லை. கடைசியில், மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கும் நெபுலைசர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போகலாம் என்று அனுமதி கிடைத்தது. எங்களுக்கு அது மூச்சு மெஷின். அதற்கும் கரண்ட் வேண்டும். அதனால்தான் கோயிலுக்கு ஒரு இன்வெர்ட்டர் வாங்குவது என்று ஆயிற்று.

வாங்க அனுப்பியது என்னை. நான் எட்டாவதோடு நின்றவன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் துளை போடுகிற மெஷினில் வேலை. மெஷினில் வேலை செய்கிறவனுக்குக் கரண்ட் தெரியாமலா இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை பட்டனும் சிவப்பு பட்டனும்தான். துணைக்கு விழாக் குழுத் தலைவர் வந்தார். பரம்பரை நிலக்காரர், இரண்டு லாரி வைத்திருந்தார். பேட்டரி அவர் உபயம், தெப்ப விளக்குகளும் அவர் உபயம்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடை. கடைக்காரர் எடுத்ததும், "இன்னா சார் ஓட்டப் போறீங்க, டிவியா ஃபேனா?" என்றார்.

"தெப்பம்" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "தெப்பத்த கவுறு கட்டித்தானே சார் இழுப்பாங்க?"

விளக்கிச் சொன்னேன். சீரியல் பல்பு, இரண்டு ட்யூப்லைட், மைக்குக்கு ஆம்ப்ளிஃபயர், பிறகு மூச்சு மெஷின். தலைவர் கடையில் இருந்ததிலேயே சின்னப் பெட்டியைக் காட்டி, "லைட்டுக்குத்தானே, இது போதும். வெயிட்டும் கம்மியா கீது" என்றார். கடைக்காரர் மூச்சு மெஷினைக் கொண்டுவந்திருக்கிறோமா என்று கேட்டார். குருக்கள் வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்தேன். அதைச் சின்னப் பெட்டியில் மாட்டிப் போட்டார். மெஷின் ஒரு முனகல் முனகி நின்றது. பெட்டி கீங் என்று கத்தியது.

"உள்ள மோட்டார் கீது சார். லைட்டு எவ்ளோ கேக்குதோ அவ்ளோதான் எடுக்கும். மோட்டார் அப்டி இல்ல, கெளம்பும்போது மூணு பங்கு இழுக்கும். கெளம்பிட்டா அடங்கிடும். அந்த மொத இழுப்புக்குத் தாங்குற பெட்டியா எடுங்க" என்றார் கடைக்காரர்.

அடுத்த அளவுப் பெட்டியில் மாட்டினார். டர்ர் என்று மெஷின் ஓடியது. கூடவே கடையின் இரண்டு ட்யூப்லைட்டையும் போட்டுக் காட்டினார். அதையே எடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஓட்டைகளைத் தொட்டுக் காட்டி, "இத்த மூடிடாதீங்க. காத்து போய் வந்துகினு இருக்கணும்" என்றார்.

"கொளத்து நடுவுல இல்லாத காத்தாப்பா?" என்று தலைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

தைப்பூசம் வந்தது. கோயிலுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் சன்னிதியில் வைத்து எடுப்பது எங்கள் வழக்கம். இன்வெர்ட்டரையும் வைத்தோம். சந்தனம் பூசி, குங்குமம் இட்டாயிற்று. பெண்கள் ஆளுக்கு ஒரு சரம் கொண்டுவந்து சாத்தினார்கள். தெப்பத்தில் ஏற்றியபோது, அலங்காரத்துக்கு நடுவே சாமி காலடியில் ஒரு இரும்புப் பெட்டி பார்க்க நன்றாக இல்லை என்று தோன்றியது. தலைவர் ஒரு சிவப்புப் பட்டுத்துணி வாங்கிவந்து அதைச் சுற்றிலும் போர்த்தி, ரோஜா மாலை ஒன்றையும் மேலே போட்டார். உள்ளே இருப்பது பெட்டி என்றே தெரியவில்லை. நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

பொழுது சாய்ந்ததும் தெப்பம் கிளம்பியது. தெப்பத்தில் சாமியும் அம்பாளும், குருக்கள், தலைவர், பெட்டியைப் பார்த்துக்கொள்ள நான். முதல் சுற்று அமோகமாகப் போயிற்று. தலைவர் மைக்கைப் பிடித்து உபயதாரர் பெயர்களைச் சொன்னார். தீபாராதனை ஆனது. இரண்டாவது சுற்றில் குருக்களுக்கு இழுப்பு வந்துவிட்டது. கையைக் காட்டினார். மூச்சு மெஷினைப் போட்டேன். அது ஓடியது. அவர் முகமூடியை வைத்து நாலைந்து மூச்சு இழுத்திருப்பார். பெட்டி கீங் என்றது, விளக்கு, மைக், மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

நாங்கள் குளத்தின் நட்டநடுவில் இருந்தோம். இறங்குகிற துறை வடக்குக் கரையில் மட்டும்தான். மற்ற மூன்று பக்கமும் படி சரிந்து சேறு. மைக் இல்லாததால் நாங்கள் கத்தியது நாயனச் சத்தத்தில் கரைக்குக் கேட்கவில்லை. கயிறு பிடித்தவர்கள் சாமி ஊர்வலத்துக்கு உரிய நடையில் நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். குருக்கள் பலகையில் கையை ஊன்றி முன்னால் குனிந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் தோள் ஏறி இறங்கியது. உதடு நிறம் மாறுவது நிலா வெளிச்சத்திலேயே தெரிந்தது.

"பேட்டரி போய்ட்ச்சா?" என்றார் தலைவர்.

"உங்க பேட்டரி புதுசுண்ணா" என்றேன். பட்டுக்கு உள்ளே கையை விட்டேன். தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி சுட்டது.

கடைக்காரர் ஓட்டைகளைப் பற்றிச் சொன்னது அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. மாலையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். பட்டுத்துணியை இழுத்து எறிந்தார். சரங்களை இரண்டு பேருமாகப் பிய்த்தோம். சந்தனம் அந்த ஓட்டைகளில் காய்ந்து அடைத்திருந்தது. அதை நகத்தால் நோண்டினேன். பொத்தானைப் போட்டால் கீங் என்று மறுபடி நின்றது. சூடு இறங்கவில்லை. வாயால் ஊதிப் பார்த்தேன். துண்டால் வீசிப் பார்த்தேன். ஈரத்துண்டு, தண்ணீர் தெறித்தது. தலைவர், "யோவ், தண்ணி பட்டா நாம எல்லாரும் காலி" என்று கையைத் தட்டிவிட்டார்.

குருக்கள் தலையை நிமிர்த்தாமல் பக்கத்தில் இருந்த சாமரத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். சாமிக்கு வீசுகிற வெண்சாமரம். அவருக்கு வீசச் சொல்கிறார் என்று நினைத்து அவர் முகத்துக்கு நேரே வீசினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியைக் காட்டினார்.

எனக்குக் கை வரவில்லை. நாங்கள் யாரும் அதைத் தொட்டதே இல்லை. சாமியைப் பார்த்தேன். தலைவர், "வீசுய்யா, அவரே குட்த்துட்டாரு" என்றார். வீசினேன். சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு இரும்புப் பெட்டிக்குச் சாமரம் வீசினேன். அது நீண்ட நேரமாகத் தெரிந்தது, எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சிவசிவ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் தலைவர் விளக்கு வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சீரியல் பல்பு, ட்யூப்லைட், மைக் எல்லாம். ஊருக்கே சொல்லிச் செய்த அவருடைய உபயம். "லைட்டு போனா போவுது. மெஷின மட்டும் போடு" என்றார்.

பொத்தானைப் போட்டேன். பெட்டி ஒரு நொடி யோசித்தது. டர்ர் என்று மெஷின் கிளம்பியது. முகமூடியைக் குருக்களின் முகத்தில் தலைவரே பிடித்துக்கொண்டார். நான் வீசுவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தோள்கள் அடங்கின. துறையை நெருங்கும்போது குருக்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்றாவது சுற்றுக்குப் போகலாம் என்று ஜாடை காட்டினார். கரையில் நின்ற குருக்கள் வீட்டு மாமிக்கு என்ன நடந்தது என்று அப்போதும் தெரியாது. அப்படியே மூன்றாவது சுற்றும் போனோம். இரண்டு அகல் விளக்கும் பௌர்ணமி நிலாவும்தான் வெளிச்சம்.

இறங்கியதும் ஒரு பெரியம்மா வந்து, "லைட்ட அணைச்சிட்டு நெலா வெளிச்சத்துல காட்டனீங்களே, நல்லா இருந்துச்சுப்பா. யாரு சொன்ன யோசன?" என்று கேட்டார். தலைவர் தோளில் அந்த ரோஜா மாலை இன்னும் இருந்தது. அவருக்குத்தான் மரியாதை செய்திருக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு இரவெல்லாம் மனம் ஒரு நிலையில் இல்லை. காலையில் கோயிலுக்குப் போய், சாமரத்தை அப்படிப் பயன்படுத்தியதற்குப் பரிகாரம் ஏதாவது உண்டா என்று குருக்களிடம் கேட்டேன்.

"கை வலிக்கறதா?" என்றார்.

"ஆமாம் சாமி."

"நேக்கு நாப்பது வருஷமா வலிக்கறது. யாராவது கேட்டேளா?" என்று சிரித்துவிட்டு விபூதி கொடுத்தார். பரிகாரம் எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பின் பல தைப்பூசங்களில் அவரோடு தெப்பத்தில் போனேன். இன்வெர்ட்டருக்கு ஒரு பொட்டு மட்டும் வைப்போம். அன்று சாமிக்குச் செய்ய வேண்டியதில் குறை வைத்துவிட்டோமோ என்ற பயம் எனக்குச் சில நாட்கள் இருந்தது உண்மை. ஆனால் ஒரு மனிதரின் மூச்சுக்காக அணைத்த அந்த விளக்குகளையும் சாமி தமக்கு ஏற்றியதாகவே கணக்கு வைத்திருப்பார் என்று நம்பித்தான் இன்றும் அந்தச் சன்னிதியில் போய் நிற்கிறேன்.