அத்தையின் காலுக்கு ஒரு கல்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அப்பாவின் தங்கை டி.வி.எஸ். ஃபிஃப்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். மூங்கில் வைத்த நாட்டுக்கட்டு, மாவுக்கட்டு, பிறகு ஆபரேஷன் செய்து தகடு. எதற்கும் அந்த எலும்பு மசியவில்லை. ஒன்றரை வருடமாக அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் மலை சுற்றும் பௌர்ணமிக் கூட்டம் போகும். "எனக்கும் சேர்த்து நடங்க" என்று வாசலில் நின்று கிண்டலடிப்பாள். பிறகு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

புதிதாகப் பார்த்த டாக்டர், எலும்பில் இருக்கும் இடைவெளியை அடைக்க இடுப்பிலிருந்து எடுத்து வைக்கும் எலும்பு மட்டும் போதாது என்றார். "கல்லு மாதிரி ஒரு பொருள் இருக்கும்மா, பொடிப்பொடியா. வெளியூர்லேர்ந்து வரணும். அதையும் சேர்த்து வெச்சுடலாம்."

"அப்பவும் கூடலன்னா?" என்றாள் அத்தை. டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய மலையை வைத்துக்கொண்டு கல்லை வெளியூரிலிருந்து வரவழைக்கிறார்களாம்! சொந்த வீடு வேண்டிக்கொண்டு கிரிவலப் பாதையோரம் ஜனங்கள் கல்மேல் கல்லாக அடுக்கிவிட்டுப் போவார்கள். அப்படி ஓர் அடுக்கின் உச்சிக்கல்லை உருவினேன். வேண்டுதல் ஏறிய கல் ஜாஸ்தி வேலை செய்யும் என்பது என் எண்ணம். ஆபரேஷன் அன்று டாக்டரிடம் நீட்டினேன். அவர் சிரிக்காமல் வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

யாரோ ஒருவருடைய வீட்டை இடித்துவிட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது.

பல மாதம் கழித்து எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்த டாக்டர், "எலும்பு கூடிடுச்சும்மா" என்றார். அத்தை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"என் கல்லு?" என்றேன்.

"பஸ்ல துண்டு போட்டு சீட் புடிக்கிற மாதிரி பாப்பா. எலும்பு வந்து உக்காந்துடுச்சு. துண்டு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுடும்."

கல் இனித் திரும்பி வராது என்பது மட்டும் புரிந்தது.

டாக்டர் அனுமதித்த முதல் பௌர்ணமிக்கு அத்தையோடு நானும் மலை சுற்றப் போனேன். அந்த அடுக்கு எப்போதோ சரிந்திருந்தது. குனிந்து திரும்ப அடுக்கினேன்.

"யாருக்குடி வீடு?"

"தெரியாது அத்தை. உன் காலுக்கு வைக்க அவங்க கல்லை நான்தான் எடுத்துட்டேன்."

அத்தை மெதுவாகக் காலை மடக்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தானும் ஒரு கல்லை எடுத்து உச்சியில் வைத்தாள். அவள் கன்னமெல்லாம் ஈரம். பாவம், கால் ரொம்ப வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆட்டோல போயிடலாமா அத்தை?" என்று கேட்டேன்.