மாமா உட்காராத நாற்காலி

போன வாரம் என் மகளின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஊருக்குள் இருக்கும் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் களப்பயணமாக அழைத்துப் போகிறார்களாம். பெற்றோர் சம்மதம் வேண்டும். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் பேனாவை வைக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

நான் பயந்த சுபாவக்காரி என்பது பெற்றோர் குழுவில் எல்லாருக்கும் தெரியும். ரம்பமெல்லாம் எட்டாத உயரத்தில் இருக்குமா, பெயின்ட்டில் கலக்கும் தின்னர் நெடி பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா, திரும்பும்போது யார் தலை எண்ணுவார்கள் என்று நான் வரிசையாகக் கேட்டேன். வகுப்பாசிரியை ஒவ்வொன்றுக்கும் ஒரு கும்பிடு பொம்மையோடு பதில் போட்டார்.

"ஏம்மா இப்படிக் கேட்டுக் கேட்டு மானத்த வாங்கற?" என்றாள் மகள்.

அவளிடம் எப்படிச் சொல்வது? ஹார்டுவேர் கடையையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஒரே வாக்கியத்தில் படித்தால் இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அதற்குக் காரணம் ரம்பமும் இல்லை, தின்னரும் இல்லை.

அப்போது நானும் ஐந்தாம் வகுப்பில்தான் இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடம் தேரடித் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாம் வகுப்பைச் சாத்தனூர் அணைக்கு அழைத்துப் போவது வழக்கம். அந்த ஆண்டு புதிதாக வந்த தலைமையாசிரியை, தண்ணீர் இருக்கும் இடம் எதுவும் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நாங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டோம். எங்கள் டீச்சர் விடவில்லை.

"நடந்து போற தூரமா இருக்கணும். தண்ணி இருக்கக் கூடாது. ஏதாவது கத்துக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

ஒருவன் கோயில் யானை என்றான். யானையைத்தான் தினமும் பார்க்கிறோமே என்று மற்றவர்கள் அவனை உட்கார வைத்தார்கள். ஒருவன் பஸ் ஸ்டாண்டு என்றான். டீச்சர் பார்த்த பார்வையில் தானே உட்கார்ந்துவிட்டான். பிறகு எங்கள் வகுப்புத் தலைவி எழுந்தாள்.

"எங்க அப்பாவோட ரைஸ் மில்லுக்குப் போலாம் டீச்சர். எங்க அப்பா சரின்னு சொல்லிட்டாரு."

அவள் பேசினால் எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது போலத்தான் இருக்கும். அவள் அப்பாவின் மில், அவள் அப்பாவின் ஜீப், அவள் அப்பாவின் நாய் என்று ஆண்டு முழுக்கக் கேட்டிருந்தோம். நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. என் குரல் மட்டும் கேட்டது.

"எங்க மாமா கடைக்குப் போலாம் டீச்சர். பெரிய ஹார்டுவேர் கடை. எங்க மாமாதான் மொதலாளி."

டீச்சருக்குத் தூசி ஆகாது. தவிட்டைப் பற்றிப் பேசினாலே தும்முவார். ரைஸ் மில் அந்த நிமிடமே தோற்றது. வகுப்புத் தலைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆண்டில் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

உண்மை என்னவென்றால், மாமா தேரடித் தெருவில் இருந்த அந்தக் கடையில் வேலை பார்த்தார். அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார். ஆணி, ஸ்க்ரூ, கீல் வைத்த இழுப்பறைகள் அவர் பொறுப்பு. அவற்றுக்கு முன்னால் முதுகு இல்லாத ஒரு ஸ்டூல் அவருக்கு. முதலாளி கல்லாவுக்குப் பின்னால் கைவைத்த மர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் சாப்பிடப் போனாலும் வெளியூர் போனாலும் அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அவருடைய துண்டு மட்டும் அதன் முதுகில் தொங்கும். அவர் மகனே வந்தாலும் ஒரு ஸ்டூலைத்தான் இழுத்துப் போட்டுக்கொள்வான். யாரும் போட்ட சட்டமில்லை. அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். லீவு நாட்களில் மாமாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோனதால் இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்திருந்தும், அடுத்து வந்த பத்து நாட்கள் என் பள்ளி வாழ்க்கையிலேயே சந்தோஷமானவை. டீச்சர் ஒரு சார்ட்டில் திட்டம் போட்டார். ஆணிக் குழு, பூட்டுக் குழு, கயிற்றுக் குழு, பெயின்ட் குழு. கடைக்காரர் வீட்டுப் பெண் என்பதால் நான் ஆணிக் குழுவுக்குத் தலைவி. ஒவ்வொரு குழுவும் ஐந்து கேள்வி தயாரிக்க வேண்டும். எங்கள் கேள்விகளில் ஒன்று, ஆணிக்கு எதற்குத் தலை என்பது. பூட்டுக் குழு, ஒரு சாவியால் இரண்டு பூட்டைத் திறக்க முடியுமா என்று எழுதிக்கொண்டு வர, இதைக் கேட்டால் போலீஸ் வரும் என்று டீச்சர் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். மைதானத்தில் இரண்டு பெஞ்சைக் கல்லாவாகப் போட்டு ஒத்திகை நடந்தது. வரிசை கலையாமல் இருக்க, விளையாட்டு அறையிலிருந்து கயிறிழுக்கும் கயிறு எடுத்து வரப்பட்டது. ஆளுக்கொரு இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றினோம். டிபன் நேரத்தில் எனக்கு மாங்காய்த் துண்டுகள் தானாக வந்து சேர்ந்தன.

எல்லாம் அந்தக் கடிதம் என் கைக்கு வரும்வரைதான். டீச்சர் என் மாமாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரை எழுதி, அதற்குக் கீழே 'உரிமையாளர்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

இரண்டு நாள் அது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் மாமா கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். நான் துணி துவைக்கும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார் சொன்னது இது?"

"நான்தான்."

"இன்னான்னு சொன்ன?"

"நீதான் மொதலாளின்னு."

மாமா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"டீச்சருக்குக் கையெழுத்து நல்லாருக்கு" என்றார். "சனிக்கெழம வரச் சொல்லு. அன்னிக்கு எவனும் இரும்பு வாங்க மாட்டான். கூட்டம் கம்மியா இருக்கும்."

"அம்மாகிட்ட சொல்லாத மாமா."

"சொன்னா எனக்குத்தான் மொதல்ல திட்டு விழும், போ."

அவ்வளவுதான். அவர் என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை காய்ச்சல் வர வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

முப்பத்தாறு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். தேரடித் தெருவில் எங்களைப் பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு வெளிநாட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கயிறு கனத்தது.

கடை வாசலில் மாமா நின்றிருந்தார். தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. "வாங்க வாங்க" என்றார். அவருக்குப் பின்னால் தராசுக்குப் பக்கத்தில் பனியனோடு, தலையில் ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒருவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் முதலாளி.

அவர் என்னைப் பார்த்தார். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. துண்டு அதன் முதுகில் தொங்கியது. மாமா அதன் பக்கத்தில் போய், ஒரு கையை அதன் மேல் கூட வைக்காமல் நின்றுகொண்டார்.

"நீங்க உக்காருங்க சார், நாங்க நின்னுக்கறோம்" என்றார் டீச்சர்.

"பரவால்லீங்க டீச்சர்."

வகுப்புத் தலைவி என் காதருகில் வந்தாள். "உங்க மாமா ஏன் உக்காரல?"

உட்கார்ந்து தொலையேன் மாமா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. கொஞ்ச நாள் முன்பு எதிர் வீட்டுக்காரரைப் பற்றி அப்பா சொன்னது அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது.

"அவருக்கு மூலம்" என்றேன்.

அவள் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. "எங்க தாத்தாக்கும் இருக்கு. கருணைக்கெழங்கு சாப்பிடச் சொல்லு." கயிற்றின் கடைசி வரை அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைத் திரும்பிய தலைகளிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஆனால் மாமா பேச ஆரம்பித்ததும் எல்லாரும் மூலத்தை மறந்தார்கள். ஆணிக்குத் தலை இல்லாவிட்டால் சுத்தி எங்கே அடிக்கும் என்று கேட்டார். பதில் சொன்னவன் கையில் சுத்தியலைக் கொடுத்து ஒரு பலகையில் அடிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். நாங்கள் இழுப்பறையிலிருந்து ஒவ்வோர் ஆணியாக அவர் உள்ளங்கையில் வைத்தோம். "ரெண்டரை இஞ்ச். இது ஒண்ணு. இது ஆணியே இல்ல, எவனோ ஸ்க்ரூ வச்சுட்டான்." ஒன்றுகூடத் தப்பவில்லை. டீச்சரே தன் பங்குக்கு ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுக் கை தட்டினார். தராசுக்குப் பக்கத்தில் நின்றவர், எடைக்கல்லைக் கையில் பிடித்தபடி, இதையெல்லாம் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டிய காகிதப் பொட்டலம் அவிழ்ந்து ஆணியெல்லாம் தரையில் கொட்டியது.

"அந்த ஆளுக்கு வேலையே தெரியல" என்றாள் வகுப்புத் தலைவி. "எங்க மில்லுல இருந்தா நிறுத்திடுவாங்க."

"புதுசா சேந்திருக்காரு" என்றேன்.

கடைசியில் ஒரு பையன், ஒத்திகையில் இல்லாத கேள்வியைக் கேட்டான். "சார், எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஆணி தருவீங்களா?"

முப்பத்தாறு முகங்கள் மாமாவைப் பார்த்தன. மாமா முதல் முறையாகத் தடுமாறினார். அவர் கண் தராசுப் பக்கம் போனது.

தராசுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மொதலாளி, சனிக்கெழமயும் அதுவுமா இரும்பு எடுத்துட்டுப் போனா பசங்களுக்கு வீட்ல திட்டு விழும். பித்தளை ஸ்க்ரூ குடுத்துடலாமா?"

"குடுங்க மொதலாளி" என்றார் மாமா.

தராசுக்காரர் ஓர் இழுப்பறையைத் திறந்து, அதில் இல்லாமல், அடுத்ததையும் திறந்தார். மாமா மெல்லப் போய்ச் சரியானதைக் காட்டினார். முப்பத்தாறு பித்தளை ஸ்க்ரூக்கள், தங்கம் போல மின்னிக்கொண்டு, ஒவ்வொரு கையிலும் விழுந்தன.

"ரெண்டு பேர்ல யாருடி மொதலாளி?" என்றாள் வகுப்புத் தலைவி.

"அவங்க ஒருத்தர ஒருத்தர் அப்படித்தான் கூப்டுக்குவாங்க. விளையாட்டுக்கு."

அவள் நம்பினாளா என்று தெரியாது. கையில் மின்னும் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு யாரும் அதிக நேரம் சந்தேகப்பட முடியாது.

கிளம்பும்போது டீச்சர் கை கூப்பிக் கும்பிட்டார். முதலில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவரை, பிறகு மாமாவை. டீச்சர் ஆள் மாறிக் கும்பிடுகிறாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. தெருவில் இறங்கி நான் திரும்பிப் பார்த்தேன். முதலாளி தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மாமா ஸ்டூலில் இருந்தார். இருவரும் சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை நன்றிக் கடிதம் எழுதினோம். டீச்சர் கரும்பலகையில் 'கடையில் உள்ள அனைவருக்கும்' என்று மட்டும் எழுதினார். போன கடிதத்தில் தன் கையாலேயே எழுதிய மாமாவின் பெயரை அதற்குள் மறந்துவிட்டார் என்று நினைத்து நிம்மதி அடைந்தேன்.

மாமாவிடம் மட்டும் ஒரு வாரம் பேசவில்லை. ஐந்து நிமிடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் ஒரு சந்தேகமும் வந்திருக்காது. சட்டை போட்டார், வரவேற்றார், எல்லாம் செய்தார். அதை மட்டும் செய்யவில்லை. சனிக்கிழமை ராத்திரியே கேட்டதற்கு, "டீச்சரே நிக்கறாங்க, நான் எப்படி உக்கார்றது?" என்றார். வீட்டில் யாருக்கும் புரியாத விதமாக, அந்த வாரம் முழுக்க மாமா கருணைக்கிழங்கு சாப்பிட வேண்டும் என்று அம்மாவை நச்சரித்துச் சமைக்க வைத்தேன். பொய் முழுமையாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது. மாமா மூன்று வேளையும் பேசாமல் சாப்பிட்டார்.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். களப்பயணம் எந்தக் கிழமை என்று மகளைக் கேட்டேன். சனிக்கிழமையாம். அவள் தூங்கப் போன பிறகும் அந்தக் கடைதான் கண்ணில் நின்றது. கடையின் சொந்தக்காரர் பனியனோடு ஒரு பக்கம். அதில் வேலை பார்த்தவர் வெள்ளைச் சட்டையோடு இன்னொரு பக்கம். வாசலில், எல்லாம் தெரிந்தும் கேள்வி கேட்காமல் நின்ற ஒரு டீச்சர். ஒரு பத்து வயதுப் பெண் அவமானப்படக் கூடாது என்று மூன்று பெரியவர்கள் காலை முழுக்க நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் நடுவில் காலியாக இருந்த அந்த நாற்காலியை மட்டும்தான்.