காருக்குள் ஒரு மிஸ்

டப்... டபடப்... டப். இருட்டின பிறகு தெருவிலிருந்து இப்படியொரு சத்தம் வந்தால், கராஜில் வேலை செய்கிற எவருக்கும் அது ஒரு வாடிக்கையாளர். எனக்கோ மேசைக்குக் கீழே ஒளிய வேண்டிய நேரம். யுத்தகால யாழ்ப்பாணத்தை விட்டு இந்த நாட்டுக்கு வந்த பிறகும், பொழுதுபட்டு வாகனச் சத்தம் கேட்டால் என் கை தானாகவே விளக்கை அணைக்கப் போகும். கதவைத் தாழ்ப்பாள் போடமுன் தெருவை இரண்டு தரம் எட்டிப் பார்ப்பேன்.

நான் ஸ்பானர் பிடித்தவள் இல்லை. விரி என்கிற பகுதியில், கிடங்குகளுக்கு நடுவே ஒரு சின்ன கராஜில் தொலைபேசி எடுக்கிற வேலை. ஆனாலும் பழைய கார் வைத்து அவதிப்படுகிற உங்களுக்குச் சொல்ல என்னிடமும் சில கதைகள் சேர்ந்திருக்கின்றன. மகள் தூங்கிவிட்டாள், எழுதுகிறேன்.

மிஸ்

அந்தச் சத்தம் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை வந்தது. குளிர்காலம், பின்னேரமே கறுத்துவிடும். நான் மேசைக்கடியில். மெக்கானிக் டெரி காரைப் பார்க்காமலே உள்ளேயிருந்து கத்தினார்: "அதில ஒரு மிஸ் இருக்கு!" கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளுக்கு மிஸ் என்றால் ஒரே அர்த்தம்தான்: கஞ்சி போட்ட சேலை, கையில் அடிமட்டம்.

வயதான வெள்ளைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். நான் எழும்பி, கான்வென்ட் ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னேன்: "ஐயா, உங்கள் காருக்குள் ஒரு மிஸ் இருக்கிறாவாம். பாவம், குளிருது, உள்ளே வரச் சொல்லுங்கோ." நாலு சிலிண்டரில் ஒன்று எரியாமல் விட்டுப்போவதைத்தான் மிஸ் என்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் திரும்பிக் காரைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"என்ர மனிசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

எப்போது நடுங்கும்?

கார் நடுங்குகிறது என்று யாராவது அழைத்தால் கேட்க வேண்டியதை டெரி சொல்லித் தந்தார். நிற்கும்போதா, ஓடும்போதா? ஒரு வேகத்துக்கு வந்ததும் ஸ்டியரிங் ஆடினால் சக்கரச் சில்லைப் பார். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் உதறினால் எஞ்சினைப் பார். எனக்கு அது ஜெபம் மாதிரி மனப்பாடம்.

பக்கத்து ஊர் மனுரேவாவிலிருந்து ஒரு மலேசியத் தமிழ் அக்கா அழைத்தா. "கார் ஒரே ஆட்டம் தங்கச்சி." எப்போது என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் ஓட்டினா மட்டும் லா. நான் ஓட்டினா பூ மாதிரி போகும்." அவர் எப்படி மிதிப்பார் என்று கேட்டேன். "கரப்பான் பூச்சிய மிதிக்கிற மாதிரி." அப்படியென்றால் எஞ்சின்தான், காரைக் கொண்டு வாருங்கள் என்றேன்.

"கார் கிடக்கட்டும் தங்கச்சி. அவரை அங்க விட்டா சரி பண்ணித் தருவீங்களா?"

நடுங்கினது யார்?

இங்கே வேலை கிடைக்கிற இடத்துக்கும் வீடு கிடைக்கிற இடத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு மோட்டர்வே கிடக்கும். எங்கள் வீடு நகரத்தின் மறுகோடியில், ரானுயியில். மழைக்காலத்தில் மோட்டர்வேயில் ஏறும்போது வேகம் எடுக்க மிதிப்பேன். எங்கள் கார் உதறத் தொடங்கும். பின்னால் லொறி விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வரும். கண்ணாடியில் மழை, எல்லா விளக்கும் கரைந்து, கடலுக்கடியில் போவது போல இருக்கும். அந்த நேரம் கார் நின்றுபோனால்?

கணவர் வெயிலடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவிலேயே மெல்ல ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. பயமென்றால் வேலையை விட்டுவிடச் சொன்னார். எனக்கு அந்த வேலை வேண்டும். இந்த ஊரில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே இடம் அதுதான். டெரியிடம் காட்டவும் வெட்கம். ஒன்றுமில்லை என்று அவரும் சொல்லிவிட்டால்? ஏனென்றால் அன்று கணவர் கார்த் திறப்பைத் திருப்பித் தரும்போது சொன்னது இதுதான்:

"கார் நடுங்கேல்லை. நீர்தான் நடுங்கிறீர்."

விளக்கை அணை

பிள்ளை பார்க்கிற மனிசிக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், மகளையும் கராஜுக்குக் கூட்டிப் போயிருந்தேன். வழியில் கார் உதறின உதறலில், வந்ததும் டெரியிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மழையிலயா? மிதிக்கேக்கையா?" என்று மட்டும் கேட்டார். இருட்டும்வரை காத்திருந்து, காரை உள்ளே விட்டு, பொனெட்டைத் திறந்து, விளக்குகளை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உடுப்பு அயன் பண்ணத் தண்ணீர் தெளிக்கிற போத்தலால் எஞ்சின்மேல் மெல்லிய தூறல் விட்டார். பிறகு ஆசனத்தில் ஏறி, எஞ்சினைக் கிளப்பி மிதித்தார். பிளக் வயர்களில் ஒன்றின்மேல் நீலப் பொறிகள் ஓடின. தொடுவதும் மறைவதுமாக, ஏதோ பூச்சிகள் கூடி விளையாடுவது போல. வயரின் உறை வெடித்து, சிலிண்டருக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தில் வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. இருட்டுக்குள் நின்று ஒரு பொருளை அழகென்று பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. டெரி இறங்கி வந்தார்.

"இதுதான் உன்ர நடுக்கம். இதைக் கழட்டலாம்."

திரும்பும் வழி

புது வயர்களோடு மோட்டர்வேயில் ஏறினேன். தூறிக்கொண்டிருந்தது. மிதித்தேன். கார் வழுக்கிக்கொண்டு போனது. லொறி விளக்குகள் பின்னால் சின்னதாகின. உதறல் வந்தால் மகள் "ஆ" என்று இழுப்பாள். குரல் துள்ளித் துள்ளி வரும், சிரிப்பாள். அன்றும் இழுத்தாள். குரல் நேராகவே வந்தது. முகம் வாடிவிட்டது.

"அம்மா, கார் ப்ரோக்கன்."

கணவர் இரவு வேலைக்குப் போயிருந்தார், வீடு இருட்டு. கராஜ்காரர் எஞ்சினோடு நிறுத்திக்கொள்வார்கள், மிச்ச நடுக்கத்தை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்து, இரண்டாம் தரம் தெருவை எட்டிப் பார்க்காமல், கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.